பட்டியலில் இல்லாத பையன்

பட்டியலை நான்தான் போட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2021 நவம்பர் 12, வெள்ளிக்கிழமை. தேசிய சாதனை ஆய்வு நாடு முழுவதும் ஒரே நாளில் நடந்தது. 3, 5, 8, 10 வகுப்புகளில் படிக்கும் சுமார் 34 லட்சம் குழந்தைகள் அன்று எழுதினார்கள். கிழக்கு தில்லியில் நான் கணக்கு சொல்லித்தரும் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கான ஏற்பாடுகள் என் தலையில் விழுந்தன. மயூர் விஹாரிலிருந்து தினமும் ஆட்டோவில் போய் வரும் மதுரைக்காரியான எனக்கு இந்தியில் ஃபாரம் நிரப்புவது புதிதல்ல. ஆனால் இது வேறு மாதிரியான வேலை.

தில்லியில் எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகள் நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்திருந்தன. ஒன்றரை வருடத்துக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த பிறகு! ஏழாம் வகுப்புக்குப் போகப் போகிறோம் என்று வீட்டில் உட்கார்ந்த பிள்ளைகள் மீசை அரும்ப எட்டாம் வகுப்பில் வந்து நின்றார்கள். தீபாவளி, சட் பூஜை விடுமுறைகளைக் கழித்தால் வகுப்பு நடந்தது ஏழு நாள்கூடத் தேறாது. பாதிப் பேர் பீகார் கிராமங்களிலிருந்து இன்னும் திரும்பவில்லை. கிடைத்த நாட்களில் நான் பாடமா நடத்தினேன்? ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை எப்படி முழுசாகக் கருப்பாக்குவது என்று சொல்லிக்கொடுத்தேன். பின்னங்கள் மறந்துபோன குழந்தைகளுக்கு அது நல்ல கைவேலையாக இருந்தது.

ஆய்வு நடக்கும் விதம் எளிது. சீல் வைத்த கட்டுகளுடன் வெளியிலிருந்து பார்வையாளரும் கள ஆய்வாளரும் வருவார்கள். வகுப்பில் பல பிரிவுகள் இருந்தால் ஒன்றைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். வந்திருப்பவர்கள் 30 பேருக்கு மேல் இருந்தால் அதிலிருந்து 30 பேர். இதில் யாரும் கைவைக்க முடியாது. ஆனால் எல்லாமே 'வந்திருப்பவர்கள்' என்ற சொல்லில் இருக்கிறது. வராதவன் கணக்கில் இல்லை.

அந்தச் சமயத்தில் ஒரு நாளைக்குப் பாதி மாணவர்களைத்தான் அழைக்கலாம் என்று விதி. அன்று யார் யார் வர வேண்டும் என்று பட்டியல் போடும்போது, "கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்றார் பிரின்சிபால். அவ்வளவுதான் சொன்னார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அதற்கு மேல் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எனக்குப் புரிந்தது. 26 பிள்ளைகளின் வீடுகளுக்கு நானே போன் செய்தேன். ரோல் நம்பர் 37 வீட்டுக்குச் செய்யவில்லை.

அவன் இந்தியை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அப்பா மண்டாவலியில் தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர். பள்ளி மூடியிருந்த நாட்களில் வண்டியோடு இவனும் போய்க்கொண்டிருந்தான்.

வெள்ளியன்று காற்றுத் தரக் குறியீடு 471. எதிர்ப்பக்கத்துக் கட்டிடம் தெரியவில்லை. புகை மூட்டத்திலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக முளைத்து வந்தார்கள், முகக்கவசத்துக்குள் இருமிக்கொண்டு. அவர்களோடு 37. சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். பக்கத்து வீட்டுப் பையன் சொன்னானாம், இன்று பெரிய பரீட்சை என்று.

"இன்று உன் முறை இல்லையே" என்ற வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்தது. பார்வையாளர் கேட்டருகே நின்றிருந்தார். அவர் நின்றதால் சொல்லவில்லையா, இஸ்திரிச் சட்டையைப் பார்த்ததால் சொல்லவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

குலுக்கலில் அவனுடைய பிரிவே விழுந்தது. மொத்தம் 33 பேர். மூன்று பேரை விட்டுவிட வேண்டும். அந்த மூவரில் அவன் இருக்க மாட்டானா என்று மனசு அலைந்தது. இல்லை.

60 கேள்விகள், 2 மணி நேரம். வாசலில் நின்று பார்த்தேன். மற்றவர்கள் நாற்பது நிமிடத்தில் வட்டங்களைக் கருப்பாக்கிவிட்டு ஜன்னலைப் பார்க்க, அவன் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். உதடுகள் அசைந்தன. மணி அடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

மாணவர்களைப் பற்றிய வினாப்பட்டியலும் உண்டு. வீட்டில் போன், கம்ப்யூட்டர் மாதிரி சாதனங்கள் இருக்கின்றனவா என்ற இடம் வந்தபோது 37 கை தூக்கினான்.

"அப்பாவிடம் போன் இருக்கிறது மேடம். காலை நாலு மணிக்கு மண்டிக்குப் போகும்போது எடுத்துப்போவார். ராத்திரி வருவார். இருக்கிறது என்று போடட்டுமா, இல்லை என்றா?"

கள ஆய்வாளர் ஆசிரியர் பயிற்சி படிக்கும் சின்னப் பெண். என்னைப் பார்த்தாள். நான் தலையிடக் கூடாது, தலையிடவில்லை. "உனக்கு எது சரி என்று தோன்றுகிறதோ அதைப் போடு" என்றாள். அவன் யோசித்து ஒரு வட்டத்தைக் கருப்பாக்கினான். எதை என்று தெரியாது. வீட்டில் டிஜிட்டல் சாதனம் இல்லாதவர்கள் 24 சதவீதம் என்று பின்னால் அறிக்கை சொன்னது. அந்த 24இல் அவன் இருக்கிறானா, மீதி 76இலா?

மறுநாளே, காற்று மாசினால் திங்கள் முதல் பள்ளிகளை மூடுவதாக அரசு அறிவித்துவிட்டது.

முடிவுகள் 2022 மே மாதம் வந்தன. மாவட்டத்துக்கு, மாநிலத்துக்கு, நாட்டுக்கு என்று எண்கள். பள்ளிக்கோ பிள்ளைக்கோ மதிப்பெண் கிடையாது. அது ஆய்வு, பரீட்சையல்ல. தனிப் பிள்ளையை எடைபோடுவது அதன் வேலையும் அல்ல. இதெல்லாம் பயிற்சிக் கூட்டத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்டது. விரல் வைத்து 2 மணி நேரம் படித்தவனுக்கு யாரும் சொல்லவில்லை.

ஜூலையில் பள்ளி திறந்ததும் வராந்தாவில் பிடித்துக்கொண்டான். ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருந்தான், இனிமேல் ஃபெயில் போடுவார்கள்.

"மேடம், அன்று எழுதினோமே, ரிசல்ட் வந்துவிட்டதா?"

விளக்கத் தொடங்கினேன். அவனுக்கு ஏறவில்லை. கடைசியில், "கணக்கில் எட்டாம் வகுப்புக்கு நாட்டின் சராசரி 255" என்றேன். 2017இல் அது 269 என்பதைச் சொல்லவில்லை.

"எத்தனைக்கு?"

"500க்கு."

ஒரு நொடிதான்.

"பாதிக்கு மேலே அஞ்சு. அப்போ பாஸ்தானே, மேடம்?"