மலையில் இரண்டு சீட்டிகள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனால் ஆண்டாளைச் சேவித்துவிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுகிறோம். அடுத்த முறை மேற்கே நிற்கும் மலையையும் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். சீட்டி அடிக்கும் பேர்வழிகள் இருவர் அங்கே குடியிருக்கிறார்கள்!

ஒருவரைப் பக்கத்து ஊரான ராஜபாளையத்தில் சந்தித்தேன். மலையடிவாரத்தில் நீர் காத்த அய்யனார் கோவில். விடியற்காலையில் ஆற்றங்கரையில் நின்றபோது, யாரோ பையன் சினிமாப் பாட்டை அரைகுறையாகச் சீட்டியடிப்பது போலக் கேட்டது. திரும்பினால் பையனைக் காணோம். ஈரப் பாறைமேல் கருநீலப் பறவை ஒன்று!

"சீகாரப் பூங்குருவி, சார். மழை வந்துட்டா ஒரே கச்சேரிதான்" என்றார் கூட வந்த உள்ளூர் அண்ணாச்சி. "மேலே வரையாடும் சீட்டி அடிக்கும். ஆனா, அது பாட்டு இல்லே. சிறுத்தையைக் கண்ட பயம்!"

நல்ல ஜோடிதான்! பூங்குருவி மைனாவைவிடச் சற்றே பெரிது. கடா வரையாடோ ஏறக்குறைய 100 கிலோ. மானைப் போலத் துள்ளினாலும், அது செம்மறியாட்டுக்கு நெருங்கிய உறவு என்று 2005-ல் மரபணு ஆராய்ச்சி காட்டியது. குருவி ஓடையோரப் பாறையிடுக்கில் கூடு கட்டும். வரையாடு செங்குத்துப் பாறையில் குட்டியோடு நிற்கும்.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? தண்ணீர்தான்! வரையாடு மேயும் உச்சிப் புல்வெளியும், அதை ஒட்டிய சோலைக்காடும் மழையைப் பஞ்சுபோல உறிஞ்சி, சிறுகச் சிறுகக் கசியவிடுகின்றன. அந்தக் கசிவு ஓடையானால் பூங்குருவிக்கு வீடு. அதுவே ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வந்தால், ராஜபாளையத்து வீடுகளுக்குக் குடிதண்ணீர்.

நரை அணிலுக்காக 1988-ல் சரணாலயமான இந்தக் காடு, 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. வரையாடு நம் மாநில விலங்கு. ஆனால் 2024-ல் எண்ணியபோது தமிழ்நாடு முழுவதும் சேர்த்தே 1,031தான், 2025-ல் 1,303. ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு இதைவிடக் கூட்டம் வருமே!

வரையாட்டைக் கண்ணால் காண எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஊருக்குள் திரும்பியபோது, குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. உச்சியில் புல் கருகினால், இங்கே குடம் காலி. அந்தக் காலத்து மனிதர்கள் இதை அறிந்துதான் மலையடிவாரத்துச் சாமிக்கு 'நீர் காத்த அய்யனார்' என்று பெயர் வைத்தார்களோ, என்னவோ!