நடுக்கப்பலில் ஒரு ஜன்னல்

கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விலையைப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா முதலில் கேட்டது கப்பலின் தளப்படத்தை. “ஏட்டி, எந்த மாடி, எந்தப் பக்கம், முன்னாலயா பின்னாலயா, அதைக் காட்டு. துட்டைப் பெறவு பேசுவோம்.”

தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுபதுகளில் பம்பாய்க்கு ரயிலேறி வந்தவர் அப்பா. பணி ஓய்வு பெறும்வரை கோதியில்தான் வேலை. மும்பைத் துறைமுகத்தை இங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்வோம். டோலியில், அதாவது மூட்டை தூக்கும் குழுவில், ஓர் ஆளாகக் கப்பலின் அடித்தளத்துக்குள் இறங்கி மூட்டை ஏற்றியிருக்கிறார், இறக்கியிருக்கிறார். நங்கூரச் சங்கிலி முதல் சமையலறைப் புகைபோக்கி வரை அவருக்கு எல்லாம் தெரியும். கட்டியிருந்த கயிறு அவிழ்ந்த பிறகு ஒரு கப்பலில் என்ன நடக்கும் என்பது மட்டும் தெரியாது. எந்தக் கப்பலிலும் அவர் கரையை விட்டு நகர்ந்ததே இல்லை. அவரை அழைத்துப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மும்பையின் விக்ரோலியில் இருக்கும் எங்களுக்குக் கடல் தூரமில்லை. கண்ணம்வார் நகரைத் தாண்டினால் உப்பளமும் சதுப்புக் காடும், அதற்கப்பால் தாணே கழிமுகமும் இருக்கின்றன. ஏற்றத்தின்போது வேர்களுக்கு இடையே தண்ணீர் ஏறி வரும். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து சேற்றில் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் தெற்கே போய் மும்பைத் துறைமுகமாக விரிகிறது. ஆனாலும் எங்கள் குடியிருப்பில் கப்பலேறிய குடும்பம் என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. ஊருக்குப் போக ரயில், அவசரத்துக்கு விமானம். கப்பல் என்றால் பணக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கி வைத்திருந்தோம்.

மும்பையிலிருந்து உல்லாசக் கப்பல் ஓடுவது இப்போது சாதாரண விஷயமாகிவிட்டது. கோர்டீலியா கம்பெனியின் ‘எம்ப்ரஸ்’ 2021 செப்டம்பரில் இங்கிருந்து ஓடத் தொடங்கியது. பிரான்ஸில் கட்டி 1990இல் பயணத்துக்கு வந்த கப்பல், 211 மீட்டர் நீளம். ஒரு காலத்தில் அமெரிக்கக் கம்பெனிக்காகக் கரீபியக் கடலில் சுற்றியது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைப் பக்கமும் போனது. மும்பையிலிருந்து கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று வழிகள் உண்டு. கோவாவுக்குக் கொங்கண் ரயில் இருக்கிறது, கொச்சிக்கும் இருக்கிறது. தண்டவாளம் போடவே முடியாத இடம் லட்சத்தீவுதான். அதனால் அதையே தேர்ந்தெடுத்தோம்.

தளப்படத்தை அப்பா மேசைமேல் விரித்து வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அலையில் கப்பல் சீசா பலகையைப் போல ஆடும், இரண்டு நுனியும் ஏறி இறங்கும், நடு அவ்வளவாக அசையாது என்றார். உயரம் கூடக் கூடப் பக்கவாட்டு ஆட்டம் கூடும் என்பதால் கீழ்த்தளமே நல்லது. நடன அரங்குக்கும் சமையலறைக்கும் நேர்கீழே வேண்டாம், ராத்திரி நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேலேயே கேட்கும். அறைகளில் நான்கு வகை இருந்தன. ஜன்னலே இல்லாத உள்ளறை, கடல் பார்த்த ஜன்னல் அறை, பால்கனி அறை, அதற்கு மேலே சூட். பால்கனிக்கு எங்கள் கை எட்டவில்லை. உள்ளறை மலிவு, ஆனால் விடிந்ததா இல்லையா என்று கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கீழ்த்தளத்தில், நடுவில், ஜன்னலோடு பக்கத்துப் பக்கத்து அறைகள் இரண்டு பிடித்தோம். எந்தப் பக்கம் என்பதையும் அப்பாவே முடிவு செய்தார். “போகையில தெக்க பாத்துப் போவான். வலப்பக்கம் மேற்கு. ஊரை விட்டு வெளிய வரும்போது ஊரும் அந்தப் பக்கந்தான், பெறவு சூரியன் விழுறதும் அந்தப் பக்கந்தான்.” பயண முகவர்கள் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

மாதத்தை முடிவு செய்தது அம்மா. கன்னியாகுமரிக் கரைப் பக்கம் அவளுக்குச் சொந்தங்கள் உண்டு. 2017 டிசம்பரின் முதல் நாட்களில் ஓக்கி புயல் லட்சத்தீவு வழியாகப் போனதையும், கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்களையும் அவள் மறக்கவில்லை. அரபிக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு முன்னும் பின்னும் புயல் பிறக்க வாய்ப்பு அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும். நவம்பரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஜனவரி என்று முடிவானது.

பணத்தைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விளம்பரத்தில் காட்டும் விலை ஒருவருக்கானது, அதுவும் ஓர் அறையில் இரண்டு பேர் தங்கும் கணக்கில். அதன்மேல் துறைமுகக் கட்டணம், பணியாளர் சேவைத் தொகை, ஜிஎஸ்டி எல்லாம் சேரும். தீவில் படகு சவாரி, கப்பலில் இணையம், மதுவகைகள் எல்லாம் தனிக்கணக்கு. அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆள் தங்கினால் அவர்களுக்குக் கட்டணம் குறையும். கடைசிப் பக்கத்தில் என்ன தொகை வருகிறதோ அதுதான் டிக்கெட் விலை. அதை வைத்துத்தான் ஒரு பயணத்தை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும். இன்னொரு விதியையும் நிதானமாகப் படித்தோம்: கடல் அனுமதிக்காவிட்டால் தீவில் இறக்காமல் கப்பல் அப்படியே போகலாம். அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டுதான் பணம் கட்டினோம்.

பெரிய வேலை பெயர்தான். படிவம் குடும்பப் பெயர் கேட்டது. அப்பாவுக்கு ஆதாரில் முன்னெழுத்தோடு பெயர், பான் அட்டையில் தாத்தாவின் பெயர் பின்னால், ரேஷன் அட்டையில் மராட்டி முறையில் நடுவில். மும்பையில் வாழும் தமிழர் வீடுகளில் இது எல்லாருக்கும் உள்ள பாடு. எல்லாருக்கும் ஆதாரை மட்டுமே எடுத்துக்கொண்டு, அதில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிந்தோம். லட்சத்தீவுக்குள் கால் வைக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பமும் கப்பல் கம்பெனி வழியாகவே போனது. இந்தக் காகிதங்களை முன்கூட்டியே முடித்தால்தான் நிம்மதி.

கிளம்பும் நாளில் டாக்சி கிழக்கு விரைவுச் சாலையில் இறங்கி, செம்பூர்ப் பக்கம் ஃப்ரீவேயில் ஏறியது. சிவ்டியைக் கடக்கும்போது அடல் சேதுப் பாலம் கடலுக்குள் நீண்டு போவது தெரிந்தது. அதற்கப்புறம் கீழே தாருகானா, கப்பல் உடைக்கும் தளங்கள், மதில்கள், கிடங்குகள். அப்பா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். ஃப்ரீவே முடிகிற இடம் ஆரஞ்சு கேட். மும்பைத் துறைமுக வாசல்களுக்கு நிறத்தின் பெயர்கள்: ஆரஞ்சு கேட், யெல்லோ கேட், கிரீன் கேட். எந்த வாசலில் எந்தச் சரக்கு வெளியே போகும், எந்த வாசலில் டீ நன்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். 1989இல் எதிர்க்கரை நவா சேவாவில் புதுத் துறைமுகம் வந்தது. கண்டெய்னர்கள் அங்கே போகப் போக, இங்கே மூட்டை தூக்க ஆள் தேவைப்படுவது குறைந்துகொண்டே வந்தது. இன்று அந்த வாசல்களில் கூட்டம் இல்லை.

கிரீன் கேட் வழியாக, பல்லார்ட் பியரில் கப்பலுக்கு முன் போய் நின்றோம். அப்பா மேலே பார்க்கவில்லை, கப்பலின் முகப்பில் வெள்ளையாக எழுதியிருந்த எண்களைப் பார்த்தார். தண்ணீர் எந்த எண்ணில் தொடுகிறதோ அவ்வளவு ஆழம் கப்பல் மூழ்கியிருக்கிறது என்று பேரனுக்குச் சொன்னார். கரைக்கும் கப்பலுக்கும் இடையே இழுத்துக் கட்டியிருந்த கயிறுகளில் வட்டமான தகரத் தட்டுகள் கோத்திருந்தன. “அது எதுக்கு தாத்தா?” என்றான் பையன். கயிறு வழியாக எலி ஏறிவிடக் கூடாதே, அதற்குத்தான். தட்டு சாய்ந்திருந்தால் எலி தாண்டிவிடும், நேராக நிற்க வேண்டும் என்றார். பாதுகாப்புச் சோதனைக்கு நின்ற வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற குஜராத்திக் குடும்பமும் திரும்பி நின்று கேட்டது.

இதே பம்பாய்க்குத்தான் வ.உ.சி. கப்பல் தேடி வந்தார். 1906இல் சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவு செய்துவிட்டு, சொந்தக் கப்பல் இல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்ற வைராக்கியத்தோடு இங்கே வந்து அலைந்தார். ‘காலியா’ கப்பல் 1907இல் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் கோதியில் கப்பலைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கதையைப் பேசுவார்களாம். ஏறுபலகையில் கால் வைக்கும்போது அப்பா அதைச் சொன்னார். அவர் குரல் சற்று உடைந்தது.

ஏறியவுடன் விளையாட்டு இடம் தேடி ஓட வேண்டாம், முதலில் அபாயப் பயிற்சி. ஏழு குட்டை ஊதல், ஒரு நெட்டை ஊதல் கேட்டால் அறை அட்டையில் குறித்திருக்கும் இடத்தில் கூட வேண்டும். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகுதான் உலக நாடுகள் கூடிக் கடல் பாதுகாப்பு விதிகளை எழுதின. 2012இல் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று விதி இறுகியது அதற்குப் பிறகுதான். சிலர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா உயிர்காப்பு உடுப்பின் வாரை இரண்டு முறை கட்டி அவிழ்த்துப் பழகினார், அம்மாவுக்கும் கட்டிவிட்டார்.

கயிறு அவிழ்ந்ததும் கரைக்கும் எங்களுக்கும் இடையே ஒரு முழம் தண்ணீர் தெரிந்தது, பிறகு ஓர் ஆள் உயரம், பிறகு ஒரு தெரு அகலம். வலப்பக்கம் கடற்படைத் தளத்தின் சாம்பல்நிறக் கப்பல்கள், கேட்வே, தாஜ், கொலாபா. நகரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்க, கட்டடங்களின் விளிம்பெல்லாம் சிவந்தது. இத்தனை காலம் வாழ்ந்த ஊரின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். நெரிசலும் சாக்கடையும் லோக்கல் ரயிலும் எங்கே போயின என்று தெரியவில்லை. நீளமான, அழகான ஒரு கரை மட்டும் நின்றது. கொலாபா முனைக்கு அப்பால் பிராங்ஸ் கலங்கரை விளக்கத்தைக் கடந்ததும் கப்பல் முதல் தடவையாக மூச்சு விடுவதுபோல் லேசாக ஏறி இறங்கியது. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு, “இதுதானா” என்றார்.

அகத்தித் தீவு மும்பையிலிருந்து சுமார் 900 கிலோமீட்டர் தெற்கே. நடுவில் ஒரு முழுப் பகல் கடல்தான். சாப்பாட்டில் குறையில்லை, சாம்பார் முதல் ஜைன உணவுவரை இருந்தது. கரை மறைந்ததும் கைபேசி சமிக்ஞை போய்விடும். ரோமிங்கை அணைத்து வையுங்கள், கப்பலின் கடல்வழி இணைப்பைத் தானாகப் பிடித்துக்கொண்டு பெரிய பில் வந்துவிடும். நான் பெரும்பாலும் மேல்தளத்தில் நின்றேன். மும்பைக்கு அருகே பழுப்பாக இருந்த தண்ணீர் காலைக்குள் பச்சையாகி, பிறகு மைநீலமானது. கண்டத்திட்டு முடிந்து ஆழம் தொடங்குவதை நிறமே சொல்லிவிடுகிறது. தண்ணீரிலிருந்து 25 மீட்டர் உயரத்தில் நின்றால் அடிவானம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் என்று கணக்குச் சொல்கிறது. அது சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்திலிருந்து கிட்டத்தட்ட காட்கோபர்வரை. அந்தத் தூரத்துக்கு நான்கு பக்கமும் ஒரு சுவர் இல்லை, ஒரு கம்பம் இல்லை, ஓர் ஆள் இல்லை. விக்ரோலியில் என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பத்தடியில் எதிர்க் கட்டடத்துத் துணிக்கொடி நிற்கும். கண் இவ்வளவு தூரம் போகக்கூடியது என்பதே எனக்கு மறந்திருந்தது. போகப் போக நெற்றியில் இருந்த இறுக்கம் தளர்வதை உணர்ந்தேன்.

அகத்தியில் கப்பல் பவளத்திட்டுக்கு வெளியே நின்றது. படகுகள் வந்து அழைத்துப் போக வேண்டும். கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து பார்த்தால் படகு ஒரு நொடி காலடியில், மறுநொடி இடுப்பளவு கீழே. படகுக்காரர்கள் யார் கையையும் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்தார்கள். பதிலுக்கு அப்பாவும் படகுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்தார். கோதியிலும் அப்படித்தானாம், விரல் வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது. படகு மேலே வந்த கணத்தில் முழங்கால் வலியை மறந்து ஒரே எட்டில் இறங்கினார்.

திட்டைத் தாண்டியதும் தண்ணீரின் நிறத்தை எப்படிச் சொல்வது! வெண்மணல்மீது ஆளளவு தண்ணீர், வெளிறிய பச்சை, அடியில் கடற்புல், அதை மேய்கிற ஆமையின் முதுகு. இந்தியாவில் பவளப் பாறைகளே வளர்ந்து உருவாக்கிய வளையத் தீவுகள் லட்சத்தீவில் மட்டும்தான். 36 தீவுகள், எல்லாம் சேர்ந்து 32 சதுர கிலோமீட்டர், 10 தீவுகளில் மனிதர்கள். ஏழு கிலோமீட்டர் நீளமுள்ள அகத்தி எங்கும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலமில்லை.

பையனும் என் கணவரும் கண்ணாடி அடிப் படகில் போனார்கள். அப்பா படகுத்துறையில் நின்றுவிட்டார். மரக்கலம் ஒன்று சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. ‘மஞ்சு’ என்பார்கள், பேப்பூரிலிருந்தும் மங்களூரிலிருந்தும் வரும். அரிசி, சிமெண்ட், செங்கல் என்று தீவுக்கு வேண்டிய கனமான சரக்கெல்லாம் கடல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அம்மாவின் குமரித் தமிழும் படகுக்காரரின் தீவு மலையாளமும் சுலபமாகப் பேசிக்கொண்டன. அம்மா வழியாக அப்பா கேள்வி மேல் கேள்வி கேட்டார். மழைக்காலத்தில் மஞ்சு வருமா? வராது, அதற்கு முன்னாலேயே அரிசியைச் சேர்த்து வைப்போம். ஆட்கள் எப்படிப் போவார்கள்? கொச்சியிலிருந்து அரசாங்கக் கப்பல் உண்டு.

அந்தக் கப்பல்களில் ஒன்றான ‘எம்.வி. கவரத்தி’யில், லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பே ‘சமுத்திரம்’ என்ற பயணம் நடத்துகிறது. ராத்திரி கப்பலில், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய். மினிக்காயில் 1885இல் ஆங்கிலேயர் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. அப்பாவுக்கு இப்போது அதன் மேல் ஏற வேண்டும். கொச்சிக்கு நேத்ராவதி எக்ஸ்பிரஸ் தாணேயில் நிற்கும், முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். அனுமதிக்கான ஆதார் நகல்களை அம்மா இப்போதே எடுத்து வைத்துவிட்டாள்.