குளக்கரைப் பதிவேடு

ஜனவரி 16

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்துவது. ஓரிடத்தில் குறைந்தது கால் மணி நேரம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி ஈபேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும், மொட்டைமாடியே போதும். காலையில் மைனா, தவிட்டுக்குருவி, செண்பகம், காகம். அரிய பறவையைத் தேடுகிற அவசரத்தில் பலர் காகத்தை எழுதாமல் விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்று ஏராளமாக இருப்பது குறையத் தொடங்கினால், இந்தப் பதிவுதானே காட்டிக்கொடுக்கும்?

ஜனவரி 19

தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காக விடியுமுன் குளக்கரையில் நின்றோம். மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் இதை முன்னின்று செய்கிறது. என்னோடு கல்லூரி மாணவர்கள் வந்திருந்தார்கள். நீரை அடைத்துக்கொண்டு நாமக்கோழிகள். கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க முடியாது. முதலில் பத்தை எண்ணி, அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனத்தில் வாங்கிக்கொண்டு, அதே அளவாகக் கூட்டம் முழுவதையும் பத்துப் பத்தாக நகர்த்திப் போக வேண்டும். முக்குளிப்பான்தான் படுத்தும். இங்கே முங்கி அங்கே எழும்.

“சார், முங்கினதையும் சேக்கணுமா?” என்றான் ஒரு பையன்.

அது மேலே வரும்வரை இருவரும் காத்திருந்தோம். பிறகுதான் எழுதினான். அந்தப் பொறுமை அவனுக்கு இருந்ததைப் பார்த்ததில் எனக்கு இன்று முழுக்கச் சந்தோஷம்.

ஜனவரி 31

2020-இல் இதே நாளில் விருப்ப ஓய்வில் வந்தேன். பி.எஸ்.என்.எல்.-இல் மட்டும் 78,569 பேர் அந்தத் திட்டத்தில் வெளியேறினோம். ஐம்பது வயதைத் தொட்டவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள், எனக்கு 52. இரண்டு மாதத்துக்குள் ஊரடங்கு.

எக்ஸ்சேஞ்சில் கேபிள் ஜோடிகளை நிறம் பார்த்துப் பிரித்தே கை பழகியிருந்தது. பழுது நீங்கியதும் மறுமுனையில் ஒருவர் ‘ஹலோ’ என்பார். வீட்டில் உட்கார்ந்தபோது நான் ஏங்கியது அந்தக் குரலுக்கு. கோயில்களுக்குப் போங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டும் நல்லவைதான். ஆனால் எதற்கும் யாரும் நம்மை எதிர்பார்க்காத நிலைக்கு ஓய்வு என்று பெயர் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது, பிள்ளைகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த இரண்டும் அமையாதவர்களின் கவலை வேறு. அவர்களுக்கு முதலில் வருமானம் வேண்டும்.

பிப்ரவரி 9

கூந்தங்குளம். 1994-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கு வெகு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்து வருகிறார்கள். தெருவிலுள்ள மரங்களில்கூட மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டும். அவை மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு இங்கே வெடி கிடையாது. குளத்துக்குத் தண்ணீர் மணிமுத்தாறு அணைக் கால்வாய் வழியாக வருகிறது. பறவை எச்சம் கலந்த அந்த நீர் பாய்ந்தால் வயலுக்கு அதுவே உரம்.

கரையில் ஆடு மேய்ப்பவர் என்னைக் கண்டதும், “என்ன அண்ணாச்சி, போன வாரம் ஆளையே காணும்? பட்டைத்தலை வாத்து வந்துட்டு, நீங்க பாக்கலியேன்னு நெனச்சேன்” என்றார். இமயத்தைத் தாண்டி வருகிற வாத்து அது. அதைச் சொல்ல அவர் எனக்காகக் காத்திருந்திருக்கிறார். வாத்தைப் பார்த்ததைவிட அதுவே எனக்குப் பெரிதாகப் பட்டது.

மார்ச் 23

பட்டைத்தலை வாத்து ஒன்றும் கண்ணில் படவில்லை, வடக்கே கிளம்பியிருக்கும். நோட்டில் ‘இல்லை’ என்று எழுதினேன். இல்லாததையும் எழுதி வைத்தால்தான் அவை எப்போது வருகின்றன, எப்போது போகின்றன என்பது பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் குளங்கள் நிறைய. எண்ணுவதற்குத்தான் ஆள் போதவில்லை. பணி ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர்கள் அடுத்த ஜனவரியில் எங்களோடு வாருங்கள். பறவைப் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மாணவர்கள் சொல்லித்தருவார்கள்.