கடல் விட்டுச் சென்ற ஊர்

தாராவியில் தமிழர் இருவர் முதன்முதலாகச் சந்தித்தால் பெயரைக் கேட்குமுன் ஊரைக் கேட்பர். இங்கேயே பிறந்து வளர்ந்த மூன்றாம் தலைமுறைப் பிள்ளையும் தயங்காமல் நெல்லைச் சீமையின் சிற்றூர் ஒன்றைச் சொல்லும். அப்படியாயின் ஊர் என்பதுதான் யாது? என் மகள் கேட்ட ஒரு கேள்வி என்னை இந்தச் சிந்தனையில் ஆழ்த்திற்று.

சில ஆண்டுகளுக்கு முன் பங்குனி உத்திரத்தன்று குலதெய்வ வழிபாட்டிற்காக அவளை அழைத்துச் சென்றிருந்தேன். திருச்செந்தூருக்கு மேற்கே தேரிக்காடு. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை, இரும்புச் சத்தால் சிவந்த மணல்மேடுகள். ஆடிக் காற்றில் அவை இடம்பெயரும். பனையும் உடைமரமுமே நிழல். அந்த மணலின் நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலருகில் மட்டும் சுனையும் சோலையும் குளிர்ந்து கிடந்தன.

மறுநாள் கொற்கைக்குப் போனோம். பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பேர்போனது, கிரேக்க நூல்கள் 'கொல்கொய்' என்று குறித்தது என வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். இறங்கிய இடத்தில் வயலும் வாழையும் பழைய வன்னிமரம் ஒன்றுமே இருந்தன.

"துறைமுகம் என்றீர்களே, கடல் எங்கே அப்பா?" என்றாள்.

கடல் இன்று சுமார் 6 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. தாமிரபரணி சுமந்து வந்த வண்டல், நூற்றாண்டுக் கணக்கில் கரையைத் தள்ளிக்கொண்டே போயிற்று. வணிகரும் கடலைத் தொடர்ந்தனர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறித்த காயல் துறையில் அரேபியக் குதிரைகள் வந்திறங்கின. அதுவும் தூர்ந்தபின் புன்னைக்காயல், பிறகு தூத்துக்குடி. 1968-69-இல் கொற்கையில் நடந்த அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 அளவினது என்று கணித்தனர். அத்துணைப் பழைய ஊரிலும் நிலைத்தது மண்தான். வணிகம் நடந்துகொண்டே இருந்தது.

மணலும் ஊற்றும் வணிகமும் கலந்த இக்கதை நமக்கு மட்டும் உரியதன்று. சகாராப் பாலையின் வடவிளிம்பில், மொராக்கோ நாட்டின் சிஸ் ஆற்றுச் சோலையில் 757-இல் எழுந்த சிஜில்மாசா நகரம், ஒட்டகங்களின் துறைமுகம். பாலைக்குத் தெற்கேயிருந்து அங்குப் பொன் வந்தது. தகாசாவின் உப்பு தெற்கே போயிற்று. 1340-களில் மதுரைக்கும் வந்து சென்ற இபின் பதூதா, 1352-இல் அந்நகரிலிருந்தே பாலையைக் கடக்கப் புறப்பட்டார். அங்கே அவரை விருந்தினராக ஏற்றவரின் உடன்பிறந்தாரை அவர் முன்பே சீனத்தில் சந்தித்திருந்தார். உடன்பிறந்த இருவரில் ஒருவர் பாலை விளிம்பில், மற்றவர் சீனத்தில்! அந்தத் தொலைவை எண்ணி அவரே வியந்தார். சிஜில்மாசா இன்று ரிஸ்ஸானி என்னும் ஊரருகே இடிந்த மண்சுவர்களாகக் கிடக்கிறது.

நாம் வாழும் தாராவியும் ஒரு காலத்தில் நீர்விளிம்பு ஊரே. மித்தி ஆற்றுக் கழிமுகத்தில் கோலி மீனவர் வலைவீசிய குப்பம் அது. சதுப்பு நிலம் தூர்க்கப்பட்டபோது அவர்களையும் கடல் விட்டு விலகிற்று. அந்தத் தூர்ந்த நிலத்தில்தான், 19-ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு, நெல்லைச் சீமையினர் வந்து தோல் பதனிட்டுப் பிழைத்தனர். கொற்கையிலிருந்து கடலைத் தேடி நடந்த கால்கள் இன்னும் சற்றுத் தொலைவு நடந்தன எனலாம்.

2024-இல் மறுசீரமைப்புத் திட்டத்திற்காக வீடுதோறும் கணக்கெடுப்புத் தொடங்கிற்று. சான்று தேடி, தந்தையார் விட்டுச் சென்ற தகரப்பெட்டியைத் திறந்தேன். பழைய குடும்ப அட்டை ஒன்றும் ஊர்க் கடிதங்கள் சிலவும் இருந்தன. எந்த ஆண்டில், யாருடன், ஏன் புறப்பட்டு வந்தார் என்பதற்கு ஒரு வரி எழுத்தில்லை.

"நாமும் போக வேண்டியிருக்குமா அப்பா?" என்றாள் மகள். கொற்கையில் கேட்ட கேள்விக்கு ஆறு விடை தந்தது. இதற்கு என்னிடம் விடையில்லை.

கொற்கைக்கு ஒரு கரித்துண்டு சான்று சொல்லிற்று. சிஜில்மாசாவுக்கு ஒரு பயணியின் ஏடு. நமக்கோ, இன்னும் நம்மிடையே வாழும் முதியோரின் நினைவே சான்று. அவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். என் வீட்டில் மகள் தன் பெரிய அத்தையை உட்காரவைத்து எழுதத் தொடங்கிவிட்டாள். முதல் பக்கத்தில் 'ஊர்' என்று எழுதி, அதனெதிரே இரண்டு பெயர்களை இட்டிருக்கிறாள்.