நுழைய ஒரு கிளிக்... வெளியேற?

சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரிந்த அபிமன்யுவுக்கு வெளியே வரத் தெரியாது. இன்று ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் பலருடைய நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான். 'முதல் மாதம் இலவசம்' என்று பளிச்சிடும் பட்டனைத் தொட்டால் போதும், சந்தா தொடங்கிவிடும். நிறுத்த நினைத்தால்..? செட்டிங்ஸ், அக்கவுன்ட், பிளான் என்று ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போக வேண்டும். கடைசியில், 'நிஜமாகவே போகிறீர்களா?' என்று ஒரு கேள்வி. 'இருக்கிறேன்' என்பது பெரிய பட்டனில் இருக்கும். 'போகிறேன்' என்பது மங்கிய சாம்பல் நிற எழுத்தில் ஒளிந்திருக்கும்.

இது தற்செயலாக நடப்பதல்ல. ஆளை மடக்கும் இந்த மாதிரி வடிவமைப்புக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று 2010-ல் பெயர் வைத்தார், பிரிட்டனைச் சேர்ந்த வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல்.

அமெரிக்காவில் இது வழக்காகவே போனது. அமேசான் பிரைம் சந்தாவை ரத்து செய்ய 4 பக்கங்கள், 6 கிளிக்குகள், 15 தேர்வுகளைக் கடக்க வேண்டியிருந்தது என்று 2023-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. ரத்து செய்யும் அந்த வழிக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்' என்றும் சொன்னது. முடியாமல் நீளும் ட்ராய் யுத்தத்தைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர்! சட்டப்படிதான் நடந்துகொண்டோம் என்றது அமேசான். ஆனாலும், 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இந்தியாவிலும் விதி இருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை டார்க் பேட்டர்ன்களுக்குத் தடை விதித்தது. கேட்காமலே பில்லில் நன்கொடையைச் சேர்ப்பது, 'இன்னும் இரண்டே அறைகள்தான்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்பவரை 'பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்' என்று சொல்லவைத்துக் கூச்சப்படுத்துவது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் இழுத்தடிப்பது எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு.

பணம் போவது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் வீட்டுக்குள் நடக்கிறது. பென்ஷன் கணக்கிலிருந்து மாதாமாதம் 199 ரூபாய் போவதைக் கவனித்த ஒரு தாத்தா, அதைப் பிள்ளைகளிடம் சொல்லத் தயங்குவார். 'பார்க்காம எதையாவது அமுக்கியிருப்பீங்க' என்ற பதில்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த முறை ரயில் டிக்கெட் போடக்கூட போனைத் தொடப் பயப்படுவார்.

வெளியேறும் வழிகள் இல்லாமல் இல்லை. ஆப்பை போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. தனியாக ரத்து செய்ய வேண்டும். யு.பி.ஐ. மூலம் கட்டுவதாக இருந்தால், அந்த ஆப்பிலேயே 'ஆட்டோபே' பகுதிக்குப் போய் நிறுத்தலாம். தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதனால் வங்கியின் குறுஞ்செய்திகளைப் படிக்காமல் அழிக்க வேண்டாம். நிறுவனம் இழுத்தடித்தால், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் இருக்கும் இளையவர்கள் ஒன்று செய்யலாம். பெரியவர்கள் போனை நீட்டும்போது, 'எப்படி ஏமாந்தீங்க?' என்று கேட்காமல், 'எங்கே ஏமாத்தறான்னு பார்ப்போம்' என்று பக்கத்தில் உட்காரலாம். தப்பு விரலில் இல்லை, பட்டனில்தான்!