பிங் போகிறது மேடம்

போன வாரம் என் பையன் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். "பிங் போகுதுப்பா, டேட்டாபேஸ்லேர்ந்துதான் எதுவும் வரமாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டான். கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு 2006 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். பெயர் வேண்டாம். சென்னையில் ஆரக்கிள் சர்வர். கிளைகள் எல்லாம் லீஸ்டு லைனில் வந்துகொண்டிருந்தன. செலவைக் குறைக்க, ஒரு மலையூர்க் கிளையை மட்டும் பிராட்பேண்டுக்கு மாற்றி வி.பி.என். போட்டோம். அது மாதக் கடைசி. ஓய்வு பெற்ற ஊழியர்களின் பென்ஷன் பட்டியலை அந்தக் கிளையில் எடுத்துத்தான் செக் எழுத வேண்டும்.

முதல் நாளே அங்கிருந்த அம்மா போன் செய்தார். "சார், ஒருத்தர் நம்பர் போட்டா வருது. மொத்த லிஸ்ட் கேட்டா அப்படியே நிக்குது."

நான் பிங் செய்து பார்த்தேன், போனது. அங்கிருந்து டெல்நெட்டில் 1521-ஐத் தட்டச் சொன்னேன், கறுப்புத் திரை வந்தது. போர்ட் திறந்திருக்கிறது, லாகின் ஆகிறது, அப்புறம் என்ன? "பிங் போகிறது மேடம். உங்க பக்கம்தான் ஏதோ தப்பாப் பண்றீங்க" என்றேன். மேலாளர் கேட்டபோதும் அதையே சொன்னேன். மறுநாள் அந்த அம்மாவுக்குத் தாமதத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ போய்விட்டது.

மூன்றாம் நாள் காலை மறுபடி போன். "சார், பெஞ்சுல எட்டுப் பேர் உட்கார்ந்திருக்காங்க. நேத்து ராத்திரி வரைக்கும் ஒவ்வொரு நம்பரா போட்டு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். அதை வச்சு செக் எழுதட்டுமா?"

ஒவ்வொரு நம்பராக. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்னது வருகிறது, பெரியது வரவில்லை. இதைத்தான் அவர் முதல் நாளே சொன்னார்.

விண்டோஸில் சாதாரண பிங் 32 பைட்தான் அனுப்பும். அது போனதை வைத்து லாரி போகும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். போனது சைக்கிள். சர்வரிலிருந்து, பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்று சொல்லி 1472 பைட் அனுப்பினேன். தலைப்புக்கு 28 சேர்த்தால் 1500, ஈதர்நெட்டின் வழக்கமான உச்ச அளவு. பதில் இல்லை. 1372 அனுப்பினேன். உடனே பதில்!

வி.பி.என். ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் தன் உறையைச் சுற்றும். அதற்கு இடம் வேண்டும். முழு அளவுப் பாக்கெட் வந்தால் ரவுட்டர் அதைப் போட்டுவிட்டு, "பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு" என்று சர்வருக்கு ஐ.சி.எம்.பி. செய்தி அனுப்பும். அனுப்பத்தான் செய்தது. நடுவில் இருந்த ஃபயர்வால் அதைத் தடுத்துவிட்டது. சர்வர் பாவம், அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது.

ஃபயர்வாலில் பிங்குக்கு மட்டும் வழிவிட்டு மற்ற ஐ.சி.எம்.பி. எல்லாவற்றையும் தடுக்கும் விதியை எழுதியவன் நான்தான். பாதுகாப்பு என்று பெருமையாக எழுதினேன்.

அந்த ஒரு செய்தியை அனுமதித்தேன். ஐந்து நிமிஷத்தில் பட்டியல் இறங்கியது. அந்த அம்மா கையால் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தார், ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லை.

"அப்ப என் மெமோ, சார்?" என்றார்.

"நான் பாத்துக்கறேன் மேடம்" என்றேன். மேலாளருக்கு ஒரு குறிப்பு எழுதினேன். "நெட்வொர்க் கோளாறு, சரிசெய்யப்பட்டது" என்று இரண்டே வரி. யாருடைய கோளாறு என்று எழுதவில்லை. மெமோவின் மேல் நடவடிக்கை எதுவும் வரவில்லை, ஆனால் அதை வாபஸ் வாங்கியதாகவும் ஞாபகம் இல்லை. அவருடைய ஃபைலில் அது கடைசிவரை இருந்திருக்கும்.

பையனிடம் 1472 கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். "உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றான்.