யாம் கண்ட கழுகுமலை

கல்வி ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. காலால் நடந்து கண்ணாற் கண்டு பெறுவதும் கல்வியேயாம். இக்கருத்தினை உட்கொண்டு, எம் வகுப்பு மாணவர் பன்னிருவரும் ஆசிரியர் ஒருவருமாகச் சென்ற தைத் திங்களில் ஒரு சனிக்கிழமை காலையில் சிவகாசியினின்று கழுகுமலைக்குப் புறப்பட்டோம்.

முந்திய நாள் வகுப்பில், தென்னமெரிக்காவிற் பெரு நாட்டிலுள்ள மச்சு பிச்சு என்னும் மலைநகரைப்பற்றி ஆசிரியர் எமக்கு எடுத்துரைத்திருந்தார். 15-ஆம் நூற்றாண்டில் இன்கா மரபினர் சுண்ணமின்றிக் கல்லோடு கல் பொருத்தி அமைத்தது அந்நகர். 1911-இல் ஹைரம் பிங்காம் என்னும் அமெரிக்கர் அதனை உலகறியச் செய்தார். காடு மூடிச் சரிந்து கிடந்த சுவர்களுட் பல, பின்னர் மீண்டும் எடுத்துக் கட்டப்பட்டன. ஆதலின், இன்று செல்வோர் காணும் நகரிற் பழைய வேலையும் புதிய வேலையும் கலந்தே நிற்கின்றன. “நமக்கு அண்மையிலும் ஒரு மலைக்கோயில் உண்டு. அதனைத் தொடங்கியோரும் முடிக்கவில்லை, பின்வந்தோரும் முடிக்கவில்லை. அதனை முடிப்பது முறையா, விடுவது முறையா? நேரிற் கண்டு சொல்லுங்கள்” என்று அவர் எம்மைப் பணித்தார்.

வெம்பக்கோட்டை வழியே பேருந்து சென்றது. கரிசல் நிலத்தினிடையே பட்டாசு ஆலைகளின் சிற்றறைகள் ஒன்றுக்கொன்று விலகித் தனித்தனியே நின்றன. ஓரறையிற் பற்றிய தீ மற்றோரறைக்குத் தாவாதிருத்தற்பொருட்டே அவ்விடைவெளி என்பதை எம் பக்கத்துச் சிறுவரும் அறிவர்.

கோவில்பட்டிக்கு மேற்கே உள்ளது கழுகுமலை. மலையேறிச் சென்று வெட்டுவான் கோயிலைக் கண்டோம். 8-ஆம் நூற்றாண்டிற் பாண்டியர் காலத்துச் சிற்பியர் பாறையின் மூன்று பக்கமும் ஏறக்குறைய 25 அடி ஆழம் வெட்டியிறக்கி, நடுவே விட்ட ஒரே கல்லைக் கோயிலாகச் செதுக்கினர். வீடு கட்டுவோர் கீழிருந்து மேலே செல்வர். இவரோ மேலிருந்து கீழே வந்தனர். ஆதலால் விமானத்தின் உச்சி நிறைவுற்றிருக்கிறது. ஆங்கே தென்முகக் கடவுள் மத்தளம் வாசிக்கின்றார். பூதகணங்கள் நகைமுகங் காட்டுகின்றன. கீழே வரவர வேலை குறைந்து, அடிப்பகுதி உளி பட்ட வெறும் பாறையாகவே நிற்கிறது. தந்தைச் சிற்பி சினத்தால் மைந்தனைக் கொன்றமையால் பணி நின்றதென ஊரார் ஒரு கதை கூறுவர்.

“இக்காலத்துக் கருவிகளைக்கொண்டு இதனை எளிதில் முடித்துவிடலாமே! முடித்தால் எத்துணை அழகாயிருக்கும்!” என்றார் எம்முள் ஒருவர். உள்ளதைச் சொல்லின், எம்மிற் பெரும்பாலோர் அதற்கு உடன்பட்டோம்.

அதுகாறும் வாளாவிருந்த நண்பர் ஒருவர் அப்போது வாய் திறந்தார். அவர் தந்தையார் பட்டாசு ஆலை விபத்தொன்றில் மாண்டவர் என்பதை யாங்கள் அனைவரும் அறிவோம். “எங்கள் அப்பா இருபது ஆண்டு பட்டாசு செய்தார். அவர் செய்ததெல்லாம் வெடித்துப் போயிற்று. வானத்து ஒளியைப் பலர் கண்டிருப்பர். அவர் கைவேலை என்று எடுத்துக் காட்ட எங்கள் வீட்டில் ஒரு பொருளும் இல்லை. இங்கே இந்தக் கல் முடியாமல் நிற்பதனாலன்றோ, செய்தவன் கை எதுவரை வந்து நின்றது என்று தெரிகிறது? இதையும் வழவழப்பாக்கிவிட்டால் அவன் எங்கே போவான்?” என்றார். ஒருவரும் மறுமொழி கூறவில்லை.

பின்னர்ச் சமணச் சிற்பங்கள் உள்ள இடம் சென்றோம். பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் வீற்றிருக்க, அவர்தம் திருமேனிகளின் கீழ் வட்டெழுத்துக்கள் காணப்படுகின்றன. அவற்றுட் பல, அத்திருமேனிகளைச் செய்வித்தோர் பெயர்களைக் கூறுவன என்றும், குரத்தியார் எனப்பட்ட பெண்பாலாசிரியரும் அவருள் உளர் என்றும் ஆசிரியர் விளக்கினார். செய்வித்தோர் பெயர் நின்றது. செய்த கைக்கு உளித்தடமே பெயர் போலும்!

அண்மையில் ஒரு பாறையில் எவரோ தம் பெயரைக் கீறிச் சென்றிருந்தனர். எம்முள் ஒருவர் கையிலும் கூரிய கல்லொன்று இருந்தது. அவர் அதனை ஓசைப்படாது கீழே போட்டதை யாங்கள் கண்டும் காணாதார்போல் இருந்தோம்.

மாலையில் இறங்குங்கால் ஆசிரியர் தம் வினாவை நினைவூட்டினார். மழைநீர் தேங்காது வடியச் செய்தலும், ஏறுவோர்க்குப் படியும் பிடியும் அமைத்தலும் வேண்டுவனவே. சரிந்த சுவரை அறிந்தோர் எடுத்து நிறுத்துதலும் குற்றமன்று. ஆயினும் காத்தல் வேறு, முடித்தல் வேறு. ஒருவன் விட்டுச்சென்ற வேலையை நாம் முடித்துவிடின், அவன் விட்ட இடம் மறைந்துபோம். இதுவே எமது விடையாயிற்று.

எம் நண்பர் மட்டும் திரும்பிச் சென்று, முடியாத அடிப்பாறையின் உளித்தடத்தின்மேற் சற்று நேரம் கையை வைத்திருந்து, பின் எம்மோடு வந்து சேர்ந்தார். பேருந்து வெம்பக்கோட்டையைக் கடக்கும்போது இருட்டிவிட்டது. அச்சிற்றறைகளை இம்முறை யாங்கள் பேசாது பார்த்துக்கொண்டே வந்தோம்.